சீனக் கடையும் நமது தயக்கமும்

சென்ற ஆண்டு தமிழ்த்தினப் போட்டிக்காக எங்கள் கிராமத்துப் பாடசாலை மாணவர் அறுவரைக் கேகாலை நகருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். போட்டி முடியப் பகல் ஒன்றரை மணியாகிவிட்டது. கண்டி வீதியோரமாக நடந்து வரும்போது சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துக்களுடன் ஒரு சிறிய சீனச் சாப்பாட்டுக்கடை. மிளகாயும் வெள்ளைப்பூடும் வதங்கும் வாசனை வீதிவரை வந்தது. “சேர், இதுல நாங்க திண்ண ஏலுமா?” என்று கேட்டான் தரம் 10 மாணவன் ஒருவன். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவன், “சைனாக்காரன்ட கட எல்லாம் ஹராம்டா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். நானும் மறுத்துப் பேசவில்லை. அறிந்த முஸ்லிம் ஹோட்டல் ஒன்றுக்குள் நுழைந்தோம். மேசைக்குச் சிற்றுண்டித் தட்டு வந்தது. ஆறு பேரும் முதலில் கை வைத்தது சைனீஸ் ரோல்ஸில்தான்.

வரலாறு படிப்பிக்கும் எனக்கு அந்தத் தட்டு ஒரு பாடமாயிற்று. இக்கட்டுரை அதன் விளைவே.

சீனாவுக்குச் சென்று சைனீஸ் ரோல்ஸ் கேட்டால் நம் ரோல்ஸ் கிடைக்காது. உருளைக்கிழங்கும் மீனும் அல்லது மாட்டிறைச்சியும் மிளகு தூக்கலாகச் சேர்த்து, மாத் தோசையில் சுருட்டி, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பது இந்நாட்டுக் கைவேலை. அவ்வாறே ‘டெவல்’ செய்த இறைச்சியும், ‘ஹொட் பட்டர்’ கணவாயும் இலங்கையின் சீனக் கடைகளில் பிறந்தவை. இங்கு வந்த சீனர் நம் நாக்கைப் படித்தார்கள். நாம் அவர்களைப் படிக்கவில்லை என்பதுதான் குறை.

இந்நாட்டுச் சீனரின் முன்னோர் பெரும்பாலும் ஷாண்டோங், ஹுபெய் மாகாணங்களிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தவர்கள். துணி மூட்டையுடன் ஊரூராகத் திரிந்து விற்றவர்கள் ஒரு சாரார். பல் கட்டுபவர்கள் ஒரு சாரார். சாப்பாட்டுக்கடை வைத்தவர்கள் இன்னொரு சாரார். மூட்டையோடு வந்த சீனனைப் பற்றி என் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். சிங்களத்தில் விலை சொல்லி, தமிழில் குறைத்துக் கொடுப்பாராம். அத்தகையோரின் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்தும் நாடற்றவர்களாகவே வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2008ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இந்திய வம்சாவளியினருள் எஞ்சியிருந்த நாடற்றோருக்கான சட்டம் வந்தது 2003இல். யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயன்களில் வாழ்வோருக்கும் கொழும்பில் நூடில்ஸ் கிண்டிய சீனருக்கும் இடையே இப்படியொரு உறவு உண்டு என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் கேகாலைக்கும் சீனாவுக்கும் நேரடி உறவொன்றும் உண்டு. இறப்பர் மிகுதியாக விளையும் மாவட்டம் இது. கொரிய யுத்தத்தின்போது உயர்ந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. அவ்வேளையில் அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது, 1952 டிசம்பர் 18இல் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க இதில் முன்னின்றார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் அங்கே, 270,000 தொன் அரிசி இங்கே என்பது ஏற்பாடு. இரு நாடுகளுக்குமிடையே இராஜதந்திர உறவு ஏற்பட்டதே 1957இல்தான். தூதரகத்துக்கு முன்னரே சோறு வந்துவிட்டது. எங்கள் மலைச்சரிவுகளில் விடியற்காலையில் வடித்த பால் சீனாவுக்குப் போனது. அவர்கள் வயலில் விளைந்தது நம் பானையில் வெந்தது. ‘சைனாக்காரன்ட’ அரிசியை அன்று எவரும் ஹராம் என்று தள்ளியதாக நான் கேள்விப்படவில்லை.

இனி என் மாணவனின் தீர்ப்புக்கு வருவோம். சீனாவிலே சீன முஸ்லிம்கள் இருக்கிறார்கள். ஹுய் என்னும் இனத்தவர் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். அவர்கள் பேசுவது சீனமொழி. தொழுவது நம்மைப் போல. வடமேற்கே கான்சு மாகாணத்தின் தலைநகரான லான்ஜோ மஞ்சள் ஆற்றங்கரையில் அமைந்த நகரம். அந்நகரின் அடையாளமே மாட்டிறைச்சி நூடில்ஸ்தான். அதன் பிதாமகராகக் கருதப்படுபவர் மா பாவ்ஸி என்ற ஹுய் முஸ்லிம். வறுமை காரணமாக 1915ஆம் ஆண்டளவில் காவுதடியில் நூடில்ஸ் சுமந்து வீதியில் விற்றவர், பின்னர் கடை வைத்தார், மகன் தொடர்ந்தார். இன்று சீனாவின் எந்தப் பெருநகரிலும் அந்த நூடில்ஸைக் காணலாம். அக்கடைகளிற் பலவற்றை நடத்துவோர் அயல் மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் பகுதியிலிருந்து புறப்பட்ட ஏழை முஸ்லிம் குடும்பத்தினர். நம்மவர்கள் மாவனல்லையிலிருந்தும் ஹெம்மாத்தகமையிலிருந்தும் வெளியூர் போய்க் கடை போட்டதை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையன்று.

அந்த நூடில்ஸ் செய்யும் முறையைச் சொல்லாமற்போனால் கட்டுரை முழுமை பெறாது. கோதுமை மாவுடன் உப்பும், பாலைநிலச் செடியொன்றை எரித்தெடுத்த சாம்பலின் காரமும் சேர்த்துப் பிசைவார்கள். மா இழுபடுவதற்கு அந்தச் சாம்பலே காரணம். (இப்போது பெரும்பாலும் அதற்கீடான இரசாயனப் பொருள் உபயோகமாகிறது.) மாத்திரளை இரு கைகளாலும் இழுத்து மடிப்பார், மீண்டும் இழுத்து மடிப்பார். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிக்கும். எட்டு மடிப்பில் 256 இழைகள். அடுக்கேற்றக் கணிதத்தைக் கரும்பலகையில் விளக்க நான் படும் பாட்டை அந்தச் சமையற்காரர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். தலைமயிர் போன்ற மெல்லிழை முதல் இடுப்புவார் அகலப் பட்டைவரை, கேட்பவர் விருப்பப்படி இழுத்துக் கொடுப்பார். கோப்பைக்குரிய இலக்கணம் ஐந்து: தெளிந்த ஆணம், வெண்ணிற முள்ளங்கி, சிவந்த மிளகாயெண்ணெய், பச்சை மல்லித்தழை, மஞ்சள் நூடில்ஸ். லான்ஜோவாசிகளுக்கு இது காலை உணவு. நமக்கு இடியப்பமும் சம்பலும் போல. இந்தக் கைத்தொழில் 2021இல் சீனாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மிளகாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே நம் அம்மிக்கு வந்தது. மிளகின் காரத்தையே அறிந்திருந்த தமிழர் அதற்கு மிளகுக்காய் என்ற பொருள்படப் பெயர் வைத்தார்கள். சீன நூலொன்றில் 1591இல் அது ‘அந்நிய மிளகு’ என்று பதிவாகியது. இரு சமூகங்களும் வந்தேறியைத் தத்தம் மிளகின் பெயராலேயே வரவேற்றன. இன்று மிளகாயில்லாத சிச்சுவான் நூடில்ஸும் இல்லை. மிளகாயில்லாத கட்டச்சம்பலும் இல்லை. எது அந்நியம், எது சொந்தம் என்று நாக்கைக் கேட்டுப் பயனில்லை. அது மறந்துவிடும். ஏடுதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மா பாவ்ஸியின் ‘மா’, சீன முஸ்லிம்களிடையே பரவலான குடும்பப் பெயர். முஹம்மத் என்ற திருநாமத்தின் முதலெழுத்தொலியாக அது கொள்ளப்பட்டதென்பர். நம் காதில் அது கோதுமை மாவாக ஒலிப்பது தற்செயல்தான். ஆயினும் இனிய தற்செயல். அதே ‘மா’ குடும்பப் பெயருடன் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவரே கடற்றளபதி செங் ஹோ. அவரது கப்பல்கள் கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911இல் காலியில், மதகு மூடும் கல்லாகக் குப்புறக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனைத் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கைகளை அது கூறுகிறது. அதே தளபதி 1411இல் அழகக்கோனார் குலத்து ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சென்றதையும் மறைக்கலாகாது. எனினும் மூன்று எழுத்தும் ஒரே கல்லில் நெருக்கமின்றி நின்றன.

நின்ற எழுத்து நிலைப்பதில்லை. 2019இல் பெய்ஜிங் நகரின் ஹலால் உணவகங்களும் கடைகளும் தத்தம் பலகைகளிலிருந்து அறபு எழுத்தையும் பிறைச் சின்னத்தையும் அகற்ற வேண்டுமென அதிகாரிகள் பணித்தார்கள். கோப்பை அப்படியே இருந்தது, பலகை மாறியது. இதை வாசித்தபோது எனக்கு 2013 மார்ச் ஞாபகம் வந்தது. நம் நாட்டில் எழுந்த எதிர்ப்பின் காரணமாக, உள்நாட்டுப் பொருள்களுக்கு ஹலால் இலச்சினை இடுவதை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கைவிட நேர்ந்தது. பின்னர் வேறொரு சபையின் மூலம் இலச்சினை திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் உணவின் மேல் விழுந்த சந்தேகம் அவ்வளவு எளிதில் போகவில்லை.

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறையில் நடந்ததை நாமறிவோம். முஸ்லிம் சாப்பாட்டுக்கடை ஒன்றின் கறியில் கிடந்த சிறு கட்டியைக் காட்டி மலட்டு மாத்திரை என்றார்கள். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களில் திகனை எரிந்தது. அந்தக் கட்டி மாத்திரையல்ல, வெறும் மா என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை கூறியபோது காலம் கடந்துவிட்டது. 2001 மே மாதத்தில் மாவனல்லைக் கடைகள் எரிந்ததைக் கண்ட இம்மாவட்டத்தவருக்கு, ஒரு சாப்பாட்டுக்கடையின் கதவு எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கவள மா எட்டு மடிப்பில் 256 இழையாவதை மேலே சொன்னேன். வதந்தியும் அவ்வாறே இழுபடுகிறது. வேறுபாடு ஒன்றுண்டு. நூடில்ஸ் இழுப்பவரின் முன்னே நின்று, “இதில் என்ன போட்டீர்கள்?” என்று கேட்கலாம். வதந்தியை இழுப்பவன் கேட்க விடமாட்டான். கேள்வி வேறு, சந்தேகம் வேறு. ஹலாலைத் தேடிக் கேட்பது நமது கடமை. கேட்காமலே தீர்ப்பளிப்பது, நம்மைப் பற்றிப் பிறர் செய்தபோது நாம் கண்ணீர் விட்ட அதே காரியம். அன்று கேட்ட மாணவனே சரி. தீர்ப்புச் சொன்ன மாணவனையும், வாய் மூடி நின்ற ஆசிரியனையும் திருத்த வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் சம்பள விடயமாக வலயக் கல்விப் பணிமனைக்குப் போனபோது தனியே அந்தக் கடைக்குள் நுழைந்தேன். சமையற்காரர் ஒரு சிங்களச் சகோதரர். கொழும்பில் ஒரு சீன முதலாளியிடம் தொழில் பழகியவர். தொப்பியுடன் வந்த என்னைச் சற்று வியப்புடன் பார்த்தார். பன்றியிறைச்சி சமைப்பீர்களா, சட்டி வேறாக உண்டா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. “சமைப்போம் சேர். சட்டியும் ஒன்றுதான். உங்களுக்குச் சரிவராது” என்றார். ஒரு பொய் சொல்லி நானூறு ரூபாய் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

அவரிடம் லான்ஜோ நகரைப் பற்றியும் மா பாவ்ஸியைப் பற்றியும் சொன்னேன். அப்படியொரு முஸ்லிம் சீனாவிலா என்று அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கழுவிய கண்ணாடிக் குவளை ஒன்றில் பிளேன்டி ஊற்றி, இஞ்சித் துண்டொன்றும் போட்டு என் முன்னே வைத்தார். காசு நீட்டினேன். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, அடுத்த மேசைக்கு நூடில்ஸ் வதக்கப் போய்விட்டார்.