கோடை விடைபெறும் கவிதை

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் (1830–1886) மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் வாழ்ந்தவர். ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். அவர் வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சிலவே. கோடை ஓசையின்றி முடிவதைப் பாடும் அவரது தலைப்பில்லாக் கவிதை, அவர் மறைந்தபின் 1891இல் வெளியான இரண்டாம் தொகுப்பில் இடம்பெற்றது.

தொகுப்பாசிரியர்களான மேபல் லூமிஸ் டாட், தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் இருவரும் அதனை ‘இயற்கை’ என்னும் பகுதியில் வைத்தனர். ஆனால் கவிதை கோடையின் மறைவைத் துயரத்தோடு ஒப்பிடுகிறது. துயரம் எந்த நாளில் தணிந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. கோடை கழிவதும் அவ்வாறே. தமிழ்நாட்டில் கோடை என்றால் வெம்மை. அது தணிந்தால் ஆறுதல். நீண்ட பனிக்காலம் கொண்ட ஆம்ஹெர்ஸ்டிலோ அது குறுகிய இன்பப் பருவம். எனவே அதன் பிரிவு இழப்பாகிறது.

கவிதையின் காலத்தைக் கணிப்பதிலும் வேறுபாடு உண்டு. காலவரிசையில் அமைந்த தாமஸ் ஜான்சன் பதிப்பில் (1955) இதன் எண் 1540. இது 1880களின் தொடக்கத்தைக் குறிக்கும். ரால்ஃப் ஃபிராங்க்ளின் பதிப்பில் (1998) எண் 935. இது 1865ஆம் ஆண்டுக்குரியது. முதல் கணிப்பின்படி இது ஐம்பதைக் கடந்தவரின் பிரியாவிடை. இரண்டாவதன்படி, உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டில், கண் நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த முப்பத்து நான்கு வயதுப் பெண்ணின் குரல். ஆண்டு மாறும்போது துயரத்தின் பொருளும் மாறுகிறது.