ஷோரூம் பில்லும் கரை மெக்கானிக் கூலியும்

தூத்துக்குடிப் பக்கம் திரேஸ்புரத்திலோ புன்னைக்காயலிலோ பைபர் படகு (எங்கள் பேச்சில் போட்டு) வைத்திருப்பவரிடம் எஞ்சின் வேலைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், பதிலோடு ஒரு குறையும் சேர்ந்தே வரும். ஷோரூமுக்குப் போனவர் "கூலியிலயே முதுக ஒடிச்சுட்டான்" என்பார். கரை மெக்கானிக்கிடம் கொடுத்தவர் "கூலி கம்மிதான் அண்ணாச்சி, ஆனா மறுபடியும் நடுக்கடல்ல நின்னுட்டு" என்பார். இந்த இரண்டு குறைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: ஷோரூம் பில்லில் எல்லாரும் சண்டை போடுவது கூலியின் விகிதத்தோடு. அங்கே பெரும்பாலும் தப்பு இருக்காது. கரை மெக்கானிக்கிடம் எல்லாரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வது சாமானை. அங்கேதான் தப்பு இருக்கும்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அவுட்போர்டு எஞ்சின் ஓடும்போது ஒரு சிறு துவாரம் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கடல்நீர் மேலே ஏறி எஞ்சினைக் குளிர்விக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அது மெலிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இம்பெல்லரை. உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரம்தான் அது. அதன் இதழ்கள்தான் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. தூத்துக்குடிக்கு நேர் எதிரே தீவுகள் அலையைக் கொஞ்சம் தடுத்துக்கொள்கின்றன. தெற்கே பெரியதாழைப் பக்கம் அப்படி மறைப்பு இல்லை. மணலைக் கலக்கும் அலையில் எஞ்சின் ஓட, அந்த மணலையும் சேர்த்து உறிஞ்சும் இம்பெல்லர் சீக்கிரமே தேய்ந்துவிடும். மாற்றுவதென்றால் கியர் இருக்கும் அடிப்பகுதியை மொத்தமாகக் கழற்றி இறக்க வேண்டும். சாமான் சின்னது, அதை எட்டும் வேலைதான் பெரிது.

யமஹா, சுசுகி, ஹோண்டா நிறுவனங்கள் கடலுக்கு அவுட்போர்டு செய்கின்றன. டீலர் ஷோரூமில் இந்த மாதிரி வேலைக்குப் பில் போடுகிற முறை பொதுவாக இப்படி. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அந்த நேரத்தை மணிக் கூலியால் பெருக்கினால் பில் தொகை. கைதேர்ந்தவர் பாதி நேரத்தில் முடித்தாலும், புதுப்பையன் இரண்டு மடங்கு எடுத்தாலும் வாடிக்கையாளருக்கு ஒரே தொகைதான். "அரை மணி நேரத்துல முடிச்சுட்டு ஒன்றரை மணிக்குக் காசு வாங்குறான்" என்ற கோபம் இங்கேதான் பிறக்கிறது. முறை தெரிந்தால் அந்தக் கோபத்துக்கு வேலை இல்லை.

ஒரு பேச்சுக்கு, மணிக்கு 600 ரூபாய், வேலை ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கூலி 900. அதன்மேல் படகு எஞ்சின் பழுதுபார்ப்புக்கான 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. 45. மொத்தம் 945. அதே வேலையைக் கரை மெக்கானிக் 500 ரூபாய்க்குச் செய்கிறார் என்றால் வித்தியாசம் 445. இதில் 45 ஷோரூம்காரருக்குப் போகவில்லை, அரசுக்குப் போகிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்டவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் கரை மெக்கானிக் பில்லில் அந்த வரி வராது. மிச்சம் 400 ரூபாய் கட்டட வாடகை, பயிற்சி பெற்ற ஆளின் மாதச் சம்பளம், கம்பெனிக் கருவிகள், சர்வீஸ் கையேடு ஆகியவற்றுக்கு. இது நியாயமான கூலி என்றே சொல்வேன். 500 ரூபாய்தான் எனக்கு உறுத்துகிறது. சொன்னால் ராத்திரியே வந்து டார்ச் வெளிச்சத்தில் மணலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது குறைவு.

அப்படியானால் ஷோரூம் பில்லில் எதைப் பார்ப்பது? முதலில் பார்க்க வேண்டியது ஒரே திறப்புக்கு இரண்டு கூலி போட்டிருக்கிறார்களா என்பதை. இம்பெல்லருக்காக அடிப்பகுதியை இறக்கியாயிற்று. கியர் ஆயில் பால் நிறத்தில் இருக்கிறது, அதாவது சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. சரி, சீலையும் மாற்றுகிறார்கள். புத்தகத்தில் சீல் மாற்றும் நேரம் என்று போட்டிருப்பதில் அடிப்பகுதியைக் கழற்றி மாட்டும் நேரமும் அடங்கியிருந்தால், இரண்டையும் அப்படியே கூட்டிப் போடுவது அநியாயம். "கழட்டினது ஒரு தடவதானே அண்ணாச்சி?" என்று ஒரு கேள்வி கேட்டாலே நேர்மையான டீலர் குறைத்துவிடுவார்.

அடுத்தது, ஒரு சாமானுக்குப் பதில் முழு செட்டையே மாற்றுவது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கேஸ்கெட் போட்டால் முடிகிற வேலைக்கு முழுக் கார்புரேட்டரே புதிதாக வரும். ஷோரூம்காரர் இதற்குச் சொல்லும் காரணம் முழுப் பொய் இல்லை. பாதி வேலை செய்து அனுப்பிய எஞ்சின் மறுவாரம் திரும்பி வந்தால் அவருடைய பெயர்தான் கெடும். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் போட்டு உரிமையாளர். வேலையைத் தொடங்குமுன் மதிப்பீட்டை எழுதி வாங்க வேண்டும், கூடுதல் வேலை என்றால் போனில் கேட்ட பிறகே செய்ய வேண்டும், கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். இந்த மூன்றும் இருக்கிற பில் பெரிதாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளலாம்.

உப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனிப் புத்தகம் சுத்தமான எஞ்சினுக்குப் போட்ட கணக்கு. நம் கடலில் ஓடிய எஞ்சினில் போல்ட் அலுமினியத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். முறிந்தால் துளைபோட்டு மறுபடி மரை வெட்ட வேண்டும். "கூடுதல் கூலி" என்று ஷோரூம் பில்லில் வரும் வரி இதற்காக என்றால் அது நியாயமே. கரை மெக்கானிக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. உப்போடு அவருக்குப் பழக்கம் உண்டு. எந்த போல்ட் முறியும் என்று கை வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்தக் கைப்பழக்கத்தை நேரில் பார்த்திருக்கிறேன். பழைய இம்பெல்லரைக் கழற்றிய மெக்கானிக் முதலில் அதன் இதழ்களை எண்ணினார். இரண்டு காணவில்லை. புதியதை மாட்டாமல் தண்ணீர் போகும் வழிக்குள் மெல்லிய கம்பியை விட்டுத் துழாவினார். ஒரு துண்டு ரப்பர் வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒரு சாக்கின் மேல் வைத்து, முறிந்த இடத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே புதியதை எடுத்தார். அந்தத் துண்டுகள் உள்ளே கிடந்தால் புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடேறும். தேடியதற்கென்று அவர் தனிக் கூலி எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அவர் கையிலிருந்த புது இம்பெல்லருக்கு உறையும் இல்லை, விலையும் இல்லை. "இது ஒரிஜினலா அண்ணே?" என்றதற்கு, "அதே மாதிரிதான்" என்றார். கரைப் பட்டறையின் பலவீனம் முழுவதும் அந்த 'மாதிரி'யில் இருக்கிறது. மலிவாகப் போடச் சொல்லி நெருக்குவது போட்டுக்காரர்தான், மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. தரமில்லாத ரப்பர் சீக்கிரமே விறைத்து வெடிக்கும். மன்னார் வளைகுடாவில் எஞ்சின் நின்றால் இன்னொரு போட்டு இழுத்து வர வேண்டும். அந்த டீசலும் போச்சு, அன்றைய மீன்பாடும் போச்சு. காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு போனால் எல்லைக் கோடு இருக்கிறது, அதற்கப்பால் இலங்கைக் கடற்படை இருக்கிறது. மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயை இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடலுக்குப் போகாத நாளும் செலவுதான். ஷோரூமில் சாமான் இருப்பில் இல்லாமல் வெளியூரிலிருந்து வரவழைத்தால் போட்டு அத்தனை நாள் கரையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது நாட்டுப்படகுக்காரர் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. அந்த மே மாதத்தில் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லும் ஷோரூமை விட, அன்றே முடித்துக் கொடுக்கும் கரை மெக்கானிக் இரண்டு மடங்கு கூலி கேட்டாலும் லாபம்தான்.

இந்தக் கரைக்குப் பங்கு பிரிப்பதில் நியாயம் புதிதல்ல. 1961-க்குப் பிறகு நின்றுபோன முத்துக்குளிப்பில், குளித்தெடுத்த சிப்பியைக் கரையில் மூன்று குவியலாகப் பிரித்து, ஒன்று குளிகாரருக்கு, இரண்டு அரசுக்கு என்று எல்லார் கண் முன்னாலும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இன்றும் மீன் ஏலம் பலர் முன்னால் சத்தமாகத்தான் நடக்கிறது. விலை பிறப்பதைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் தயாரான பில் சந்தேகம் தருவது இயல்பு. சர்வீஸ் அறையில் மணிக் கூலியும் வேலை நேரமும் பலகையில் தமிழில் எழுதி வைத்திருந்தால் பாதிச் சண்டை நடக்காது.

சட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதவவில்லை. ஷோரூம் உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் வரி அடங்கியிருக்கிறது, அதன்மேல் ஜி.எஸ்.டி. போடக் கூடாது. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். போட்டு வைத்துத் தொழில் செய்பவர் வணிகர் என்று தள்ளிவிட முடியாது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரையும் நுகர்வோராகவே அந்தச் சட்டம் கொள்கிறது. 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கரைப் பட்டறையில் துண்டுச் சீட்டுகூட இல்லாததால் இந்த வழி நடைமுறையில் அடைபட்டுப் போகிறது. அங்கே பாதுகாப்பு, அதே மெக்கானிக்கை நாளையும் கரையில் பார்ப்போம் என்பது மட்டுமே. பல நேரம் அது போதுமானதாகவும் இருக்கிறது.

வாரண்டி இருக்கும் வரை ஷோரூம், பிறகு கரை என்று பலரும் பிரித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கியர்பெட்டியும் மின்பகுதியும் வாரண்டி முடிந்த பிறகும் ஷோரூமுக்கே போகலாம். இம்பெல்லர், கார்புரேட்டர், பிளக் வேலைக்கு ஒரிஜினல் சாமானை ஷோரூமில் பில்லோடு வாங்கிக் கரை மெக்கானிக்கிடம் கொடுத்து, அவருக்குக் கூலியைக் கூட்டிக் கொடுப்பதே என் கணக்கில் இரு பக்கத்து நன்மையும் சேர்ந்த வழி.

அந்த வழி இன்னும் எத்தனை காலம் திறந்திருக்கும் என்பதுதான் என் கவலை. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பழுதைக் கண்டுபிடிக்கக் கம்பெனி மென்பொருளும் அதற்கான கேபிளும் வேண்டும். 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குக்கு சாமானும் பழுது காணும் கருவியும் கிடைக்க வேண்டும், வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அந்த வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. அது கார்களைப் பற்றியது மட்டுமே. அவுட்போர்டுக்கும் அதே உரிமையை மீனவர் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும், சர்வீஸ் கையேட்டையும் கேபிளையும் நியாய விலைக்குக் கரைப் பட்டறைகளுக்கு விற்கச் சொல்லி.