ஒரு வியாழக்கிழமையும் ஒரு வீட்டின் பெயரும்

உ.வே.சாமிநாதையரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அவர் ஊர் ஊராய் அலைந்த கதையிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வலைச்சலுக்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தாம் கற்றது போதாது என்பதை அவர் உணர நேர்ந்த நாள் அது.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். வயது 25. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல், 1876இல் பிள்ளை மறையும்வரை பாடம் கேட்டவர். அந்த மிடுக்கு உள்ளத்தில் இல்லாமலா இருந்திருக்கும்? முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் படித்தீர்கள் என்றார் முதலியார். ஆசிரியரின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலரும் என்று ஐயர் எதிர்பார்த்தார், மலரவில்லை. என்னென்ன படித்தீர்கள் என்றார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று அடுக்கினார் ஐயர். கம்பராமாயணத்தையும் சொல்லிப் பார்த்தார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்பதே அவருடைய வினா. நூல் கிடைத்தால் படிக்கும் துணிவு உண்டு என்று ஐயர் விடை சொல்லிவிட்டார். பின்னர் முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைப் பிரித்தபோதுதான் அத்துணிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரிந்தது. நச்சினார்க்கினியரின் உரை இருந்தும் பொருள் பிடிபடவில்லை. அது சமண சமயக் காப்பியம். அவர் பயின்றதோ சைவ மடச் சூழலில்.

அப்போது அவர் செய்ததைத்தான் நாம் போற்ற வேண்டும். கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களின் வீடுகளுக்குச் சென்று, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவராகிச் சென்றார். தமிழ் கற்பிக்கும் நமக்கு, 'எமக்கு இது தெரியாது' என்று வகுப்பில் ஒருமுறை சொல்வதற்கே எத்தனை ஆண்டுகள் ஆகின்றன! 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று பதிப்புகள் தொடர்ந்தன.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய நூல்களை ஆசிரியர் ஏன் கற்பிக்கவில்லை என்று குறைப்பட ஐயருக்கு இடமிருந்தது. பிள்ளையின் தலைமுறையினரிடையே அந்நூல்கள் வழக்கொழிந்திருந்தன. ஆயினும் மனம் நியாயம் பார்த்தா கசக்கிறது? ஐயரிடம் அக்கசப்பு தோன்றியதற்கு அடையாளமே இல்லை. தம் பெயர் நாடெங்கும் பரவிய பின், எழுபத்தெட்டு வயதை அடைந்த நிலையில், 1933இலும் 1934இலும் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அதில் ஆசிரியரின் வறுமையும் கடனும்கூட மறைக்கப்படவில்லை. புகழ்மாலையாகவே எழுதியிருந்தால் நாம் இன்று அதைப் புரட்டுவோமா என்பது ஐயமே.

கும்பகோணம் வேலை அவருக்குக் கிடைத்தது தியாகராச செட்டியாரால். பிள்ளையின் மூத்த மாணாக்கரான செட்டியார், தாம் ஓய்வு பெறும்போது அவ்விடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்ததோடு, திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் இசைவையும் பெற்றுத் தந்தார். சென்னைக்குக் குடிபெயர்ந்த ஐயர், திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். தந்தையின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ இட்டிருக்கலாம். யாரும் வினவப் போவதில்லை.

ஆனந்த விகடனில் 1940இல் 'என் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு 85 வயது ஆகவிருந்தது. முதலியார் வீட்டில் பட்ட நாணத்தை விட்டுவிட்டு எழுதியிருந்தாலும் கண்டுபிடிப்பார் எவருமில்லை, விரிவாகவே எழுதினார். 1942 ஏப்ரல் 28இல் அவர் மறைந்ததால் தொடர் முற்றுப்பெறாமல் நின்றது. திருவல்லிக்கேணி வீடு 2012இல் இடிக்கப்பட்டது.