சித்தூரும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டமும்

மலருக்குக் கட்டுரை கேட்கும்போதெல்லாம் ஏதாவதொரு கல்வெட்டையோ பள்ளிச்சந்த நிலத்தையோ பற்றி எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்தத் தடவை கல்லை விட்டுவிட்டுக் கல்லாப்பெட்டிப் பக்கம் வருகிறேன். நாற்பது வருஷம் அதன் பின்னால் உட்கார்ந்தவன் எழுதும் சரித்திரம் இது. நம் அன்பர்களில் பலருடைய குடும்பங்கள் கடையில் வேலை பார்த்தோ கடை வைத்தோதான் இந்த ஜில்லாவில் வேர்விட்டன என்பதால் கேட்பாருண்டு என்று நினைக்கிறேன்.

1953 அக்டோபர் முதல் தேதி வரை சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தோடு இருந்தவை. ஆகையால் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது வந்த 1947-ஆம் ஆண்டு 36-ஆவது சட்டம், அதாவது கடைகள், நிறுவனங்கள் சட்டம், நம் பஜார் தெருவுக்கும் வந்தது. பம்பாயில் இப்படியொரு சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1911-இல் கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் அரை நாள் ஓய்வு கொடுத்தார்கள். நமக்கு ஒரு முழு நாள். நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு, மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ஓய்வும் சேர்த்து ஒருவனைப் பன்னிரண்டு மணிக்கு மேல் கடையில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் இருந்தது. ஏட்டில் இருந்தது என்று சொல்வதே நியாயம்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. அப்பா ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். கடை குமாஸ்தா ராத்திரி ஒன்பதரைக்குக் கதவுப் பலகைகளை மாட்டிவிட்டுப் போய்த்தான் சாப்பிடுவார். ஈ எறும்பு செத்துவிடுமோ என்று விளக்கு வைத்தபின் வாயில் பருக்கை போடாத எங்களுக்கு இது உறைத்ததே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். அதில் என்னைக் கவர்ந்தது 41-ஆவது பிரிவு. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவனைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீசாவது, அதற்கீடான சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றம் செய்தான் என்று சொன்னால் விசாரணை வைத்துச் சாட்சியம் பதிவு செய்ய வேண்டும். நீக்கப்பட்டவன் தனியாகவே போய் மேல்முறையீடு செய்யலாம்.

'தனியாகவே' என்பதுதான் முக்கியம். மில் தொழிலாளிக்கு அதே 1947-இல் தொழில் தகராறு சட்டம் வந்தது. ஆனால் ஒருத்தனை நீக்கினால் சங்கமோ சக தொழிலாளர்களோ அவன் வழக்கைத் தங்கள் வழக்காக எடுத்தால்தான் அது தகராறு ஆகும். தனி ஆள் விவகாரமும் தகராறுதான் என்று 2-ஏ பிரிவைச் சேர்த்தது 1965-இல். இரண்டு பேர் வேலை செய்கிற ஜவுளிக்கடையில் சங்கத்துக்கு எங்கே போவது? மில்காரனுக்குப் பதினெட்டு வருஷம் கழித்துக் கிடைத்தது கடை குமாஸ்தாவுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. இதற்கு முன்னோ, 1859-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால் ஜெயில்கூட உண்டு. அது 1925-இல்தான் ரத்தாயிற்று. முதலாளி ஆளை நிறுத்தினால் மட்டும் யாரும் கேட்க முடியாது.

ஆந்திரா பிரிந்தபின்னும் பழைய சென்னைச் சட்டமே இங்கே நீடித்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனபோது எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கடைக்காரனுக்கு ஒரே சட்டம்! 1966-இல் ஆந்திரத்துக்கெனத் தனிச்சட்டம் வந்தது. அதில் இது 40-ஆவது பிரிவு. 1988-இல் மறுபடி புதுச்சட்டம் வந்தபோது 47-ஆவது பிரிவு.

அந்த 40-ஆவது பிரிவு எங்கள் கடைக்குள் நுழைந்தது 1974-இல். எனக்குப் பதினைந்து வயது இருக்கும். பதினோரு வருஷம் எங்களிடம் இருந்த குமாஸ்தா, தாயார் காலமாகி ஊருக்குப் போனவர், மூன்று நாள் என்று சொல்லிவிட்டுப் பதினாறாம் நாள் காரியம் முடித்துத்தான் வந்தார். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. "நாளையிலேருந்து வர வேணாம்" என்றார், அவ்வளவுதான். அவர் லேபர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "என் கடையில நான் வச்சேன், நான் எடுத்தேன். நடுவில சர்க்காருக்கு என்ன வேலை?" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார்.

விசாரணைக்குப் பேரேடுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அதிகாரி தெலுங்கில் மூன்றே கேள்விதான் கேட்டார். காரணம் என்ன, எழுத்தில் கொடுத்தீர்களா, அவரைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா? அப்பா எதற்கும் பதில் சொல்லாமல் பதினோரு வருஷம் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்ததையே சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்தது நிஜம். ஆனால் அதிகாரி அதைக் கேட்கவில்லை.

திரும்ப வேலைக்கு எடு என்று உத்தரவு. அப்பா எடுக்கவில்லை. பேசி முடித்து ஒரு தொகை கொடுத்தார்கள். குமாஸ்தா திருப்பதிக்குப் போய், கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் சேர்ந்தார்.

அப்பா காலமானபின் பழைய கணக்குகளைப் புரட்டினேன். கல்வெட்டுப் படிக்கிற கண் சும்மா இருக்காதல்லவா? அந்தத் தொகையை அப்பா சம்பளப் பற்றில் எழுதவில்லை. தர்மக் கணக்கில், கோயில் எண்ணெய்க்கும் அன்னதானத்துக்கும் நடுவில், அவர் பெயரோடு எழுதியிருந்தார்.

பிரம்மோற்சவ சமயம் ஒன்றில் திருப்பதிக்குச் சரக்கு விஷயமாகப் போனபோது அவரைத் தேடிப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. "வாங்க தம்பி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. அவர் உட்காரவில்லை. கடையில் இருந்ததே அந்த ஒரு ஸ்டூல்தான். அதுவும் வாடிக்கைக்காரருக்கு. கடைச் சிப்பந்தி உட்கார வசதி செய்ய வேண்டும் என்று கேரளத்தில் சட்டம் திருத்தியது 2018-இல், தமிழ்நாட்டில் 2021-இல். அதற்கெல்லாம் ரொம்ப வருஷம் முந்தின கதை இது.

தர்மக் கணக்கு விஷயத்தை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் உடம்பு எப்படி இருந்தது என்று விசாரித்தார். சொன்னேன். அதற்குள் யாரோ எவர்சில்வர் குடத்தை எடை போடச் சொல்லிக் கூப்பிட, போய்விட்டார்.