ஒழுக்கத்தை எப்போது ஆராய்வது? மைசூரு ஓலைச்சுவடி முதல் மருத்துவப் பதிவேடு வரை

தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூரு அரசினர் கீழைத்தேய நூலகத்தில் ஒப்படைத்த ஓலைச்சுவடி அர்த்தசாஸ்திரமே என்பதை 1905-இல் நூலகர் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார். மூலம் 1909-இலும் அவரது ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-இலும் நூல்வடிவம் பெற்றன. ஒற்றாடலுக்குப் பேர்போன அந்நூலின் நான்காம் அதிகரணத்தில் மருத்துவருக்கும் ஒரு விதி உண்டு. உயிருக்கு ஆபத்தான நோயென்று அறிவிக்காமல் சிகிச்சை தொடங்கி நோயாளி இறந்தால் முதல்நிலைத் தண்டம். சிகிச்சைப் பிழையால் இறந்தால் இடைநிலைத் தண்டம். யாருக்கு அறிவிப்பது என்று மூலம் கூறவில்லை. 'அரசுக்கு' என்பது சாமசாஸ்திரி அடைப்புக்குறிக்குள் சேர்த்த விளக்கம். மறைவாகப் புண்ணுக்கு மருத்துவம் செய்விப்போரை அதிகாரிகளிடம் மருத்துவர் தெரிவிக்க வேண்டுமென இரண்டாம் அதிகரணம் விதிப்பதால், அவ்விளக்கம் பொருந்துவதே.

இது செயலை ஆராயும் விதி. ஆளை ஆராயும் விதிகளை மருத்துவ நூல்களில் காணலாம். நூலறிவும் செய்முறைப் பயிற்சியும் பெற்றவன் அரசனின் அனுமதியோடே தொழிலில் இறங்க வேண்டும் என்கிறது சுசுருத சங்கிதை. சரக சங்கிதையின் விமானத்தானம் எட்டாம் அத்தியாயமோ இன்னும் முன்னதாகவே, கல்வி தொடங்குமுன்பே, மாணவனைச் சோதிக்கிறது. தேர்ந்தவனுக்கு அக்கினியின் முன்னிலையில் ஆசிரியர் கட்டளைகளை ஓதுகிறார்: நோயாளியின் இல்லத்துச் செய்திகளை வெளியே சொல்லாதே, கணவனோ காப்பாளரோ உடனில்லாத பெண்ணுக்கு மருத்துவம் செய்யாதே.

இம்முன்சோதனையைப் பெருமையாக மட்டும் எடுத்துரைப்பது நேர்மையன்று. சுசுருதர் முதல் மூன்று வருணத்தாரையே இயல்பான மாணவராகக் கொள்கிறார். நற்குடிப் பிறந்த சூத்திரனை மந்திரமின்றிச் சேர்க்கலாம் என்பதைச் சிலரின் கருத்தாகக் குறிப்பிடுகிறார். சரகரின் தகுதிப் பட்டியலில், மருத்துவக் குடியில் பிறந்தவன் 'அல்லது' அதற்குரிய ஒழுக்கம் உடையவன் என்று வருகிறது. அந்த 'அல்லது' கூர்ந்து நோக்கத்தக்கது. குணத்தைச் சோதிப்பதாகத் தொடங்கும் வாயில், குலத்தைச் சோதிக்கும் வாயிலாக மாறுவது எளிது.

நவீனச் சட்டம் வரிசையை மாற்றியது. பிரிட்டனின் 1858 மருத்துவச் சட்டம், பட்டம் பெற்றவரைப் பதிவேட்டில் ஏற்றி, பின்னர் தொழில்முறை இழிநடத்தை மெய்ப்பிக்கப்பட்டால் நீக்கியது. சென்னை மாகாணத்தின் 1914-ஆம் ஆண்டுச் சட்டமும் மைசூர் சமஸ்தானத்தின் 1931-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழி வந்தவை. 1924-இல் பெங்களூரில் தொடங்கி 1930-இல் மைசூருக்கு இடம்பெயர்ந்த மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் எதிர்கொண்டது இவ்வமைப்பையே. இந்திய மருத்துவக் குழுவின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளும், பதிவுக்கு விண்ணப்பிப்பவரிடம் கையொப்பமிட்ட உறுதிமொழியைப் பெறுகின்றன. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டித்தால் அதைத் தொழில்முறைக் குற்றமாகக் கருதுகின்றன. இளமையில் ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் தமக்குப் பதிவு கிடைக்குமா என்பதைப் படிப்பில் சேருமுன் கேட்டறியும் வழியை அவை வகுக்கவில்லை.

அமெரிக்கக் கதிர்ப்படத் தொழில்நுட்பர் பதிவகம் அவ்வழியைத் திறந்து வைத்துள்ளது. படிப்பு முடிய ஆறு மாதத்துக்கு மேலிருக்கும் மாணவரும், இன்னும் சேராதவரும், நெறிமுறை ஆய்வுக்கு முன்விண்ணப்பம் செய்யலாம். அங்கே கேட்கப்படுவது குற்றத்தின் விவரமும் நீதிமன்ற ஆவணமும். விண்ணப்பதாரரின் குடிப்பிறப்பு அன்று.