சிட்டையும் சிஸ்லாக்கும்

பினாங்கு ஸ்ட்ரீட் வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுதிவந்த கணக்கையும், இன்று பயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஓடும் யூனிக்ஸ் சர்வரின் லாக் கோப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னது பணத்தைத் தொடர்வது, பின்னது பழுதைத் தொடர்வது. இரண்டையும் புரட்டுகிறவர் தேடுவது, பிசகு எந்த வரியில் தொடங்கியது என்பதைத்தான்.

சிட்டையில் கொடுக்கல் வாங்கல் நடந்த வரிசையில் ஏறும். பேரேட்டில் அதுவே ஆள்வாரியாகப் பிரிந்து, பற்றும் வரவுமாக நிற்கும். லாக் கோப்போ வெறும் சிட்டை. அஞ்சல் நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னல், உள்நுழைவு எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பழுது பார்ப்பவர் ‘கிரெப்’ கட்டளையால் ஒரு நிரலின் வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும்போது அந்த நேரத்துக்கு ஒரு பேரேடு உருவாகிறது. கணக்கப்பிள்ளை அன்றாடம் செய்த வேலையை இவர் பழுது வந்தபின் செய்கிறார்.

தேதியில் ஒரு வியப்பு. கிட்டங்கிக் கணக்கு தமிழ் ஆண்டுப் பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். யூனிக்ஸில் லாக் எழுதும் முறைக்குச் சிஸ்லாக் என்று பெயர். 2001இல் ஆவணமான அதன் பழைய வடிவத்தில் மாதம், நாள், நேரம் உண்டு, ஆண்டே கிடையாது! அதன் தேதி 12 மாதத்தில் திரும்பிவிடும். ஆண்டையும் நேர வலயத்தையும் சேர்த்த வடிவம் 2009இல்தான் வந்தது. உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வர், செவ்வாய் காலை 7 மணிக்குப் பினாங்கில் நடந்ததைத் திங்கள் இரவு 11 மணி என்று எழுதிவைக்கும்.

எதிர்பாராத உறவு அவநம்பிக்கையில் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஏஜெண்டின் கணக்கு செட்டிநாட்டு முதலாளிக்கும் போய்ச் சேர வேண்டியிருந்தது. சர்வரின் லாக் இன்னொரு கணினிக்கும் போக வேண்டும். ஏனென்றால் உள்ளே புகுந்தவன் முதலில் அழிக்க நினைப்பது லாக்கைத்தான். ஆனால் பழைய சிஸ்லாக், போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத யூடிபி வழியே அனுப்பும் வரி நடுவழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கே தெரியாது.

லாக்குக்கென்று ஒரு சிறப்பும் உண்டு. 0 முதல் 7 வரை எட்டுக் கடுமைப் படிகள் அதற்கு இருக்கின்றன. சிட்டைக்கு அப்படி ஏதுமில்லை. இருந்தாலும் அந்தப் படியை நம்பி மட்டும் வாசிப்பது ஆபத்து. உரக்கக் கத்தும் கடைசிப் பிழை பெரும்பாலும் விளைவாகத்தான் இருக்கும். காரணம் அதற்குச் சற்று முன்னால், அடக்கமான ஓர் எச்சரிக்கை வரியில் இருக்கும்.

பெரிய வேறுபாடு, விடுபட்டதைக் காட்டுவதில். பேரேட்டில் ஒரு பதிவின் பற்றோ வரவோ விடுபட்டால் ஐந்தொகை இடிக்கும். இடம் தெரியாவிட்டாலும் பிசகு இருப்பது தெரிந்துவிடும். லாக்குக்கு ஐந்தொகை இல்லை. வட்டு நிரம்பி எழுத்து நின்றால் அது அமைதி போலவே தோன்றும். நினைவகம் போதாமல் கெர்னல் ஒரு நிரலைக் கொன்றால், செத்த நிரலின் லாக்கில் கடைசிச் சொல் இருக்காது; கெர்னல் லாக்கில்தான் இருக்கும். இந்த ஒன்றில் கணக்கப்பிள்ளையின் முறையே மேல். சர்வரைப் பார்ப்பவர்கள் பிழை வரிகளைத் தேடுமுன், எழுதியிருக்க வேண்டிய எந்த நிரல் எழுதவில்லை என்று பார்ப்பது நல்லது.