கிணற்று மோட்டாரும் மீன்தொட்டியும்

கலசப்பாக்கம் பக்கம் தண்ணீரும் கரண்ட்டும் முதலில் சேர்ந்தது கிணற்றடியில்தான். 1957இல் மின்சார வாரியம் அமைந்து கிராமங்களுக்குக் கம்பி வர வர, கவலை மாடுகள் போய் மோட்டார் வந்தது. எனக்கு வயரிங் கற்றுத்தந்த பெரியவர் எர்த் குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, கோடையில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றுவார். ஈரக்காலோடு ஸ்டார்ட்டரைத் தொட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அடுத்து இரண்டும் சேர்ந்தது மீன்தொட்டியில். சென்னை மெரினாவில் 1909லேயே மீன் காட்சியகம் இருந்தது. நம் வீடுகளுக்குத் தொட்டி வந்தது வெகு காலம் கழித்து. கொளத்தூர் மீன்கள் ஆக்ஸிஜன் அடைத்த பையில் வந்தன. கூடவே ஏர் பம்பு, பில்டர், மலைக்குளிர் இறங்கும் மார்கழிக்கு ஹீட்டர். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்!

கிணற்றடியில் இருந்த பயம் கூடத்தில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். இங்கேயும் 230 வோல்ட். ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டால் தொட்டி முழுக்கக் கரண்ட். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்கியே ஆகவேண்டும். வயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி மேலேறினால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஏர் பம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். அப்போதுதான் கரண்ட் போனாலும் தண்ணீர் குழாய்வழி பம்புக்குள் இறங்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடாமல் நான் தொட்டிக்கு லைன் இழுப்பதில்லை.